மார்கழிக் கச்சேரிக்கு முதல் தடவை சென்னை வருகிறீர்களா? முதலில் பேட்டையைப் பிடியுங்கள்

முதல் வருஷம் நான் செய்த முட்டாள்தனத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கச்சேரிப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, பிடித்த பாடகர்கள் பெயரையெல்லாம் பேனாவால் வட்டம் போட்டேன். நாலு மணிக்கு மயிலாப்பூரில் ஒருவர், ஆறரைக்குத் தி.நகரில் இன்னொருவர். வரைபடத்தில் பார்த்தால் ஐந்தாறு கிலோமீட்டர்தான், அரை மணி நேரம் போதாதா என்று நினைத்தேன். ஆறு மணிக்கு ஆட்டோ ஏறினேன். உள்ளே போய் உட்கார்ந்தபோது மெயின் ராக ஆலாபனை முடிந்து வயலின்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். முந்தைய கச்சேரியிலும் கடைசி முக்கால் மணி நேரத்தை விட்டிருந்தேன். இரண்டு டிக்கெட் வாங்கி ஒரு கச்சேரிகூட முழுசாகக் கேட்காத நாள் அது.

காரணம் எளிது. சபாக்களில், அதாவது கச்சேரி நடத்தும் இசைச் சங்கங்களில், சாயங்கால முதல் கச்சேரி முடிவதும், அடுத்தது ஆரம்பிப்பதும், சென்னையின் அலுவலகங்கள் விடுவதும் ஒரே நேரம். ஐந்தரையிலிருந்து ஏழு வரை டி.டி.கே. சாலையிலும் ஜி.என். செட்டி சாலையிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் இப்போது நான் பாடகரை வைத்து நாளைத் திட்டமிடுவதில்லை, பேட்டையை வைத்துத்தான். ஒரு நாளுக்கு ஒரே பேட்டை. கீழே உள்ளதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

முதலில் நிலப்படம் மனதில் ஏறட்டும்

சீசன் என்று சொல்லும் இந்த மார்கழிக் கர்நாடக இசைக் காலம் ஒரு மைதானத்தில் நடக்கும் விழா இல்லை. நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சபாக்கள் தனித்தனியாக நடத்துவது. ஒரே நுழைவுச்சீட்டு கிடையாது, ஒரே தலைமை கிடையாது. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி உருவானது. அதன் ஆண்டு விழா டிசம்பர் நடுவில் ஆரம்பித்து ஜனவரி 1 அன்று விருது வழங்கும் சதஸோடு முடியும். மற்ற சபாக்களில் சில டிசம்பர் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும், சில ஜனவரி வரை இழுக்கும். முதல் தடவை வருகிறவர்கள் டிசம்பர் 15 முதல் 25 வரை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சபாக்களும் ஒரே நேரத்தில் கொதிக்கும் நாட்கள் அவை.

பெரிய வட்டம் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை விளிம்பு. டி.டி.கே. சாலையின் வடக்கு முனையில் அகாடமி. அதே சாலையில் தெற்கே இருபது நிமிடம் போல நடந்தால் நாரத கான சபா. பழைய ரசிகர்கள் இந்தச் சாலையை இன்னும் மௌபரீஸ் ரோடு என்பார்கள், வழி கேட்கும்போது குழம்ப வேண்டாம். மயிலாப்பூருக்குள் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன், சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, லஸ் அவென்யூவில் ராகசுதா அரங்கம், ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஆர்கே கன்வென்ஷன் சென்டர், முசிறி சுப்பிரமணியம் சாலையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். லஸ் முனையை நடுவில் வைத்தால் இவை எல்லாமே கால்நடையாகப் போகக்கூடியவை.

இரண்டாவது வட்டம் தி.நகர். மகாராஜபுரம் சந்தானம் சாலையில் கிருஷ்ண கான சபா, ஜி.என். செட்டி சாலையில் வாணி மகால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கலாம்.

மிச்சமெல்லாம் தனித் தீவுகள். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம், திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா, நங்கநல்லூர், குரோம்பேட்டைப் பக்கம் சின்னச் சின்ன சபாக்கள். தீவுக்குப் போகிற நாளில் தீவிலேயே இருங்கள்.

ஊர் வந்து சேர்வது

ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் கடைசி வரை 120 நாளாக இருந்தது. பழைய கணக்கில் ஆகஸ்டிலேயே தேடி ஏமாறாதீர்கள். டிசம்பர் 15க்கு வர வேண்டுமென்றால் அக்டோபர் நடுவில் காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். வரும் டிக்கெட்டைவிடத் திரும்பும் டிக்கெட்தான் கஷ்டம். அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றும் ஒன்றாகச் சேரும். பொங்கலை ஒட்டித் திரும்ப நினைத்தால் அது வேறு யுத்தம்.

எங்கே இறங்குவது என்பது எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கோவை, பெங்களூரு பக்கமிருந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். வெளியே வந்தால் பக்கத்திலேயே பூங்கா நகர் பறக்கும் ரயில் (தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) நிலையம். வேளச்சேரி வண்டியில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணி அம்மன் கோவில், அடுத்தது திருமயிலை. இறங்கினால் லஸ். சில ரூபாயில் வேலை முடிந்தது. சென்ட்ரல் வாசலில் ஆட்டோக்காரர் சொல்லும் தொகையைக் கேட்ட பிறகு இந்த ரயிலின் அருமை தெரியும்.

தென் மாவட்டத்துக்காரர்கள் எழும்பூருக்கு டிக்கெட் எடுப்போம். எழும்பூர் நிலையச் சீரமைப்பு வேலையால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்தியதும் உண்டு; கிளம்பும் முன் எங்கே முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். எழும்பூரிலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம் சென்ட்ரல், அங்கிருந்து மேலே சொன்ன பறக்கும் ரயில். தி.நகரில் தங்குகிறவர்கள் வண்டி மாம்பலத்தில் நின்றால் அங்கேயே இறங்குங்கள், இல்லாவிட்டால் தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் மாம்பலம் வாருங்கள். அதிகாலையில் வந்தால் இந்த ரயிலில் உட்கார இடமும் கிடைக்கும்.

பேருந்தில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த இந்த நிலையத்தில்தான் தெற்கிலிருந்து வரும் வண்டிகள் நிற்கின்றன. முன்பு வண்டிகள் நின்ற கோயம்பேடு என்று நினைத்து உறவினரை வரச் சொன்னவர்கள் கதை எனக்கே இரண்டு தெரியும். மயிலாப்பூர் அங்கிருந்து தூரம். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, மின்சார ரயிலைப் பிடிப்பதே நம்பகமான வழி. பெட்டி கனமென்றால் மட்டும் கார். அதையும் காலை ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விமானத்தில் வந்தால் கவலையே இல்லை. விமான நிலையத்திலேயே மெட்ரோ நீல வழித்தடம் இருக்கிறது. தேனாம்பேட்டையில் இறங்கினால் ஆழ்வார்பேட்டைக்கு ஒரு சின்ன ஆட்டோ. அகாடமிப் பக்கமென்றால் அடுத்த நிறுத்தமான ஏ.ஜி.-டி.எம்.எஸ். மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகம் 50.

தங்கும் இடம்

மயிலாப்பூரில் அறை கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தாவது எடுங்கள். ஆட்டோவில் மிச்சமாகும் பணத்தையும், மத்தியானம் அறைக்கு வந்து அரை மணி கண்ணயர முடிவதையும் கணக்கில் சேர்த்தால் அது லாபம்தான். அந்தத் தூக்கம் இல்லாமல் பத்து நாள் கச்சேரி கேட்க ஐம்பது வயதுக்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே அறைகளை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுவார்கள் என்பதால் அக்டோபருக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

கிடைக்கவில்லையா? பறக்கும் ரயில் தடத்தைப் பிடித்துக்கொண்டே போங்கள். திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள், அடையாறுக்குக் கஸ்தூரிபா நகர் நிலையம், திருவான்மியூர். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை இருந்தால் மயிலாப்பூரில் இருப்பது போலத்தான். அண்ணா நகரில் மலிவாக நல்ல அறை என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

நாளைப் பிரிப்பது

சபா நாள் ஒன்றுக்கு நாலைந்து அடுக்கு. காலை எட்டு மணி வாக்கில் அகாடமியில் விரிவுரையும் செயல்முறை விளக்கமும். அதன் பிறகு காலைக் கச்சேரி. மத்தியானம் இளைஞர்கள் பாடும் கச்சேரிகள்; பெரும்பாலான சபாக்களில் இவற்றுக்கு டிக்கெட் கிடையாது, உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். நாலு மணிக்கு ஒன்று, ஆறரை ஏழுக்கு நட்சத்திரக் கச்சேரி.

மயிலாப்பூர் நாள் என்றால் நான் இப்படிப் போவேன். விடியற்காலை மாட வீதி. மார்கழியில் கபாலீஸ்வரர் கோவிலைச் சுற்றி பஜனை கோஷ்டி வரும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கம் அது. அந்த நேரத்தில் வீதியில் வண்டி குறைவு, கோலம் நிறைய, கொஞ்சம் குளிரும் இருக்கும். காபி குடித்துவிட்டு, சாலை நிரம்பும் முன்பே அகாடமி. விரிவுரை, காலைக் கச்சேரி. அங்கேயோ பக்கத்துச் சபாவிலோ கேன்டீன் சாப்பாடு. அறை, தூக்கம். நாலு மணிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு கச்சேரி, அதே அரங்கில் ஆறரைக் கச்சேரி. அந்த நாலு மணிக்காரர் பெயர் நீங்கள் கேள்விப்படாததாக இருக்கலாம். எனக்குப் பிடித்த பாடகர்களில் பாதிப் பேரை இப்படித்தான், நகர சோம்பல்பட்டு உட்கார்ந்திருந்தபோது, கண்டுபிடித்தேன்.

இரண்டு சாயங்காலக் கச்சேரிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தைக் கேன்டீனுக்குக் கொடுங்கள், ஊர் முழுக்கச் சாலையில் நிற்கும் நேரம் அது. கீரை வடையும் அக்காரவடிசிலும் தீர்ந்துபோகும் முன் வரிசையில் நிற்பதும் சீசனின் ஒரு பகுதிதான். மத்தியான இலைச் சாப்பாட்டுக்குக் காலைக் கச்சேரி முடிந்து எல்லாரும் எழுந்து வரும்போது போனால் பந்திக்குக் காத்திருக்க வேண்டும். இருபது நிமிடம் முன்போ பின்போ போங்கள்.

நகருக்குள் நகர்வது

நடை. மயிலாப்பூரில் முதல் வாகனம் அதுதான். ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் லஸ், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பக்கங்களில் சாலைகள் ஒருவழியாவதும், தடுப்புகள் இடம் மாறுவதும் சில ஆண்டுகளாக வழக்கம். போன வருஷம் வந்த வழியை நம்பி நடக்காதீர்கள், அன்றைக்கு என்ன நிலை என்று தெருவில் ஒரு கடைக்காரரைக் கேளுங்கள். பட்டுப் புடவையும் வேட்டியும் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் மழை பெய்த மறுநாள் பழைய செருப்போடு வாருங்கள்.

பறக்கும் ரயில். மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூருக்கும் பாரிமுனைப் பக்கத்துக்கும் இதைவிட வேகமான வழி கிடையாது, சாலை நெரிசல் இதைத் தொடாது. தூண்கள் மேல் ஓடும் ரயில் என்பதால் நிலையங்கள் உயரத்தில் இருக்கும், படிகள் அதிகம். முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நிலையங்கள் பெரியவை, ராத்திரி ஆள் நடமாட்டம் குறைவு. இரவுக் கச்சேரி முடிந்து தனியாகத் திரும்புகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மெட்ரோ. நீல வழித்தடம் அண்ணா சாலைக்கு அடியில் போகிறது. சபாக்களின் வாசலில் அது நிற்காது. ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி விடும். மிச்சத்துக்கு ஆட்டோ. ஒரு சபாவுக்கு மட்டும் இது கச்சிதம்: தமிழ் இசைச் சங்கத்துக்கு உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் போதும். 1943இல் தொடங்கிய சங்கம், முழுக்கத் தமிழ்ப் பாடல்கள், பண் ஆராய்ச்சிக் கூட்டங்களும் உண்டு. பயணம் தூரம் என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம். மெட்ரோ வந்த பிறகு அந்தச் சாக்கு செல்லாது.

பேருந்து. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வண்டிகளைப் பாருங்கள், வெளியூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். காலை பத்து முதல் நாலு வரை பேருந்து நல்ல வழி, சாயங்காலம் ஆட்டோவுக்கு என்ன கதியோ அதே கதிதான் இதற்கும். பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க ‘சென்னை ஒன்’ என்ற செயலி 2025இல் வந்திருக்கிறது. ஊர் வந்து சேரும் முன்பே கைபேசியில் ஏற்றி, பணம் கட்டும் ஏற்பாட்டையும் சரிபார்த்துவிடுங்கள்.

ஆட்டோ. செயலியில் கூப்பிட்டாலும் சில ஓட்டுநர்கள் போனில் ‘எங்கே போகணும்’ என்று கேட்டு, மேலே கொஞ்சம் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். நேரில் பேசுவதானால் ஏறும் முன் தொகையை முடித்துவிடுங்கள். ‘பார்த்துக் குடுங்க சார்’ என்பது ஒரு தொகை ஆகாது. அகாடமிக்குப் போகும்போது சபா வாசல்வரை வண்டி போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சிக்னலுக்கு முன்பே இறங்கி நடந்தால் பத்து நிமிடம் மிச்சம்.

சொந்த கார் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரே வரி: வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இரவு ஒன்பதேகாலுக்கு

சீசனில் மிகக் கஷ்டமான பயணம் கச்சேரி முடிந்து திரும்புவதுதான். மங்களம் பாடியதும் அரங்கம் முழுக்க ஒரே நிமிடத்தில் கைபேசியை எடுத்து ஆட்டோ தேடும். கட்டணம் ஏறும், வண்டி வராது. இதைத் தவிர்க்கத்தான் சிலர் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் பகுதி, ஆரம்பித்ததும் எழுந்து போகிறார்கள். மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்த பதினைந்து நிமிடம் அது. அவர் கண்ணெதிரே வரிசை வரிசையாக முதுகு காட்டிப் போவதைப் பார்க்கச் சகிக்காது. போயே ஆக வேண்டுமானால் தனி முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, அடுத்து வரும் சின்னப் பாட்டான துக்கடா ஆரம்பிக்கும் முன் எழுந்துவிடுங்கள். யாருக்கும் தொந்தரவில்லை, ஆட்டோவும் கிடைக்கும்.

கடைசிவரை இருப்பவர்களுக்கு: வாசலில் நின்று வண்டி கூப்பிடாதீர்கள். சபாவிலிருந்து முந்நூறு நானூறு மீட்டர் நடந்து, ஓட்டுநர் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளத் தேவையில்லாத ஒரு முனைக்குப் போய்க் கூப்பிடுங்கள். அகாடமியிலிருந்து வந்தால் கதீட்ரல் சாலையில் ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளி. அதே திசையில் போகிறவர்களை அரங்கிலேயே விசாரித்து வைத்தால் ஆட்டோவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பக்கத்து இருக்கைக்காரரிடம் ராகம் என்ன என்று கேட்டே இந்தப் பேச்சைத் தொடங்கலாம், எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மெட்ரோ இரவு பதினொரு மணி வரை ஓடும் என்பதால், தெற்கே போகிறவர்கள் நிலையம் வரை மட்டும் ஆட்டோவில் போனால் போதும்.

சாலை மூடும் நாட்கள்

வைகுண்ட ஏகாதசி அன்று திருவல்லிக்கேணிப் பக்கம் தலை வைக்காதீர்கள், சுவாமி பார்க்கப் போவதாக இருந்தால் தவிர. பார்த்தசாரதி கோவிலைச் சுற்றியுள்ள தெருக்கள் முந்தைய இரவிலிருந்தே நிரம்பும். ஆருத்ரா தரிசனத்தன்று மாட வீதிகளில் அதே கதை. பவனில் கச்சேரி என்றால் லஸ் பக்கமே இறங்கி நடங்கள். டிசம்பர் 31 இரவு மெரினாவை ஒட்டிய காமராஜர் சாலையில் வண்டிகளுக்குத் தடை, மேம்பாலங்களையும் மூடுவார்கள். அன்றைக்கு மயிலாப்பூரில் தங்கியிருப்பவர் மயிலாப்பூரிலேயே கச்சேரி கேட்பது நல்லது. நந்தனத்தில் புத்தகக் கண்காட்சி தொடங்கிவிட்டால் அண்ணா சாலையின் அந்தப் பகுதி சாயங்காலங்களில் நெரியும். நந்தனம் மெட்ரோ நிலையம் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

மழையையும் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் மிச்சம் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலும் மாத ஆரம்பத்திலேயே வந்தவை. அதனால்தான் முதல் வாரத்துக்கு டிக்கெட் போடாதீர்கள் என்கிறேன். நடு மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் வானம் தெளிந்துவிடும், இருந்தாலும் மடக்குக் குடை ஒன்று பையில் இருக்கட்டும்.

பையில் என்ன

சால்வை. வெளியே மார்கழிக் குளிர் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அரங்கத்து ஏ.சி.தான் நடுக்கும். நாலு மணி முதல் ஒன்பது வரை அதில் உட்கார்ந்தால் மறுநாள் தொண்டை கட்டும். சில்லறையும் பத்து இருபது ரூபாய் நோட்டுகளும் வேண்டும், கேன்டீன் கூப்பனுக்கும் ஆட்டோவுக்கும். கச்சேரிப் பட்டியல் புத்தகம் சபாக்களிலேயே கிடைக்கும். அதை வாங்கி, பேனா எடுத்து, பாடகர் பெயருக்குப் பதில் பேட்டைப் பெயரை வட்டம் போடுங்கள். பெரிய பெட்டியோடு நேராக ரயிலிலிருந்து சபாவுக்கு வராதீர்கள், வைக்க இடமிருக்காது. கடைசி நாளும் அப்படியே: இரவு வண்டியென்றால் பெட்டியை அறையில் விட்டுவிட்டு நாலு மணிக் கச்சேரிக்கு மட்டும் போங்கள். மயிலாப்பூரிலிருந்து எழும்பூருக்குச் சாதாரண நாளில் அரை மணி. சீசன் சாயங்காலத்தில் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கி, ஏழு மணிக்கு முன் கிளம்பாமல் இருந்தால் கொஞ்சம் நிம்மதி. எட்டு மணிக்கு முன்பே வண்டி என்றால் திருமயிலையில் ரயில் ஏறிவிடுங்கள்.